மீதமிருக்கும் தோல்

தமயந்தியிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுத வேண்டும். சில வருடங்களாக அந்த வீட்டில் பேச்சு என்பது அதுதான். எழுதுகிறவர் அவள் கணவர் நந்தகோபால். மகள் இனியா பெங்களூருக்குப் படிக்கப் போவதற்கு முன்னால் அவளும் எழுதிக்கொண்டிருந்தாள்.

தமயந்திக்குப் பிறவியிலேயே காது மந்தம். மிஷின் மாட்டிக்கொண்டு சமாளித்துவந்தாள். முப்பது வயதுக்குப் பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. பீளமேட்டில் அவள் நடத்திய அழகு நிலையத்துக்கு வருகிறவர்களின் முகம் முதலில் காதில்லாமல் தெரிந்தது, பிறகு கன்னமில்லாமல் தெரிந்தது, கடைசியில் மூக்கு மட்டும் தெரிந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அதன் பிறகு மூக்கும் போயிற்று. காதில் மிச்சமிருந்ததும் அதே சமயத்தில் போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. தன் குரலே கேட்காததால் கொஞ்சம் சத்தமாக, நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

நந்தகோபால் பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தவர். மாதத்தில் பாதி நாள் ராஜ்கோட், சாங்லி என்று ரயிலில் கழிந்த வாழ்க்கை. அதை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே போனில் ஆர்டர் எடுக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விரலால் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. எழுத எழுத அலுக்கும். முதலில் புள்ளிகளை விட்டார், பிறகு கால்களையும் கொம்புகளையும் விட்டார், அதற்கும் பிறகு வாக்கியங்களையே விட்டார். தமயந்தியின் அண்ணன் மகள் கல்யாணத்தில் சம்பந்திகளுக்குள் பந்தியில் சண்டை வந்து, மாப்பிள்ளையின் மாமா இலையைத் தூக்கி எறிந்து, அதைச் சமாதானப்படுத்தப் போனவருக்கு வேட்டி அவிழ்ந்து, மண்டபமே சிரித்தது. வீட்டுக்கு வந்து அவள் கையில் நந்தகோபால் எழுதியது: 'கல்யாணம் நல்லா நடந்தது.'

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் தமயந்தி.

'அவ்வளவுதான்' என்று எழுதினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரெஹானா அந்தப் பெட்டியோடு வந்தாள். 'தொடுவெளி' என்ற கம்பெனியில் வடிவமைப்பாளர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண் தெரியாதவர்களும் காது கேட்காதவர்களும் கம்ப்யூட்டரை எப்படிக் கையாள்வது எனக் கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்று சொன்னாள். பெட்டியில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் இரண்டு கைகளை நீட்டுகிற அளவுக்கு இடைவெளி. இரண்டு தட்டிலும் பொத்தான் பொத்தானாகச் சின்ன ஸ்பீக்கர்கள்.

"இதுல என்ன சத்தம்மா வருது? ஒன்னும் கேக்கலயே," என்றார் நந்தகோபால்.

"நம்ம காதுக்குக் கேக்காத சத்தம்ணா. மேலருந்தும் கீழருந்தும் ஒரே நேரத்துல விட்டா, நடுவுல ரெண்டும் முட்டிக்கிட்டு அசையாம நிக்கற இடம் ஒன்னு வரும். அங்க எதையாவது வெச்சா விழாது." ஒரு டப்பாவிலிருந்து கடுகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளைத் தெர்மாகோல் மணிகளை அள்ளித் தூவினாள். மணிகள் விழவில்லை. காற்றில் வரிசையாக நின்றன. "நிக்கற இடத்த நகர்த்தினா மணியும் நகரும். நாம பேசறத இது கேட்டு, மணிய வெச்சு அக்கா கையில எழுதிரும். நாம பேசற வேகத்துலயே."

நந்தகோபால் தமயந்தியின் கைகளைப் பிடித்து உள்ளே வைத்தார். ரெஹானா குனிந்து, "வணக்கம்க்கா. என் பேர் ரெஹானா. உங்க கை ரொம்ப அழகா இருக்கு," என்றாள்.

தமயந்தி கைகளைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக மறுபடி நீட்டினாள்.

"யாரோ ஒரு பொண்ணு பேசுது," என்றாள். "ஏனுங்க, நீங்க பேசுங்க. தள்ளி நின்னு பேசுங்க."

நந்தகோபால் சமையலறை வாசல்வரை போனார். "தமயந்தி," என்றார்.

அவள் முகம் அவர் நின்ற பக்கம் திரும்பியது. மணிகள் எந்தத் திசையிலிருந்து குரல் வருகிறதோ அந்தப் பக்கத்து விரலிலிருந்து எழுதத் தொடங்கும் என்று ரெஹானா சொன்னாள். அதெல்லாம் அவர் காதில் விழவில்லை. அவள் காது போன இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், அவளும் திரும்பியிருக்கிறாள். அவர் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். குழாய்ச் சத்தத்தையும் பெட்டி எழுதியது போலிருக்கிறது. "எதுக்கு இப்ப தண்ணி விடறீங்க?" என்று கூடத்திலிருந்து கேட்டாள் தமயந்தி.

போகும்போது பெட்டியின் ஓரத்தில் இருந்த ஒரு திருகைக் காட்டினாள் ரெஹானா. "அழுத்தம் பத்தலன்னா அக்காவே இதத் திருப்பிக் கூட்டிக்கலாம். ஆபீஸ்ல வேண்டாம்னாங்க. நான்தான் சண்டை போட்டு வெச்சேன். உபயோகிக்கறவங்க கையிலதாண்ணா கட்டுப்பாடு இருக்கணும்."

அதன் பிறகு வீடு மாறிவிட்டது. எதிர்வீட்டு சுலோச்சனா காலையில் காபியோடு வந்தால் மதியம்தான் போவாள். அழகு நிலையத்தில் வேலை பார்த்த பெண்கள் வந்தார்கள், யாருக்கு விவாகரத்து, யார் மூக்கைச் சரிசெய்துகொண்டாள் என்று எல்லாவற்றையும் கொட்டினார்கள். இனியா வீடியோவில் வந்தால் மணிகள் கூடி அவள் முகமாகவே நின்றன. தமயந்தி மகளின் நெற்றியையும் தாடையையும் தடவிப் பார்த்து, "புருவத்த யாருகிட்டடி எடுத்த? இப்படி நாசம் பண்ணி வெச்சிருக்கா," என்று திட்டினாள். அண்ணன் மகள் கல்யாணத்தில் வேட்டி அவிழ்ந்த கதையும் யார் மூலமாகவோ அவளுக்கு வந்துசேர்ந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நீங்க ஏனுங்க இத எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

ஒரு சாயங்காலம் அவர் பழக்கத்தில் அவள் கையை எடுத்து விரலால் எழுதப் போனார். அவள் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டாள். "பெட்டியில பேசுங்க. கையில எழுதினா சின்னக் கொழந்தைக்கிட்டப் பேசற மாதிரி இருக்குது."

அவருக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. மறுவாரம் கம்பெனியில் பேசி, வெளியூர் வேலையை மறுபடி வாங்கிக்கொண்டார்.

ராஜ்கோட்டிலிருந்து திரும்பிய ஒரு நாள் அவள் வலது கையில் பெரிய கொப்புளம் இருந்தது. தோசைக்கல்லில் பட்டுவிட்டதாம். "பார்த்து எடுக்கக் கூடாதா," என்று மருந்து போட்டார். உள்ளங்கை முழுக்கப் படர்ந்த கொப்புளம் அது. தெரியாமல் பட்டவர்கள் இழுத்துக்கொள்வார்கள், விரல் நுனியில்தான் சுடும். கல்லின்மேல் உள்ளங்கையைப் பதித்து வைத்திருந்தால் ஒழிய இப்படி வராது. மருந்து போடும்போது அந்த நினைப்பு வந்தது. வந்ததை அவர் நிற்கவிடவில்லை. அடுத்த வாரம் சாங்லியில் டீலர்கள் கூட்டம் இருந்தது.

அவள் பேச்சும் கொஞ்சம் மாறியிருந்தது. கேள்வி கேட்பது குறைந்து, "அப்படியா?", "அப்புறம்?", "அது சரி" என்பது கூடியிருந்தது. வயதாகிறதல்லவா, களைப்பு என்று நினைத்துக்கொண்டார். பெட்டியின் அழுத்தத் திருகு கடைசிவரை திருகியிருப்பதையும் பார்த்தார்.

கார்த்திகையில் ஒரு நாள் ரெஹானா தனியாக வந்தாள். கம்பெனி வண்டி இல்லை, ஆட்டோவில் வந்திருந்தாள். ஆளும் இளைத்திருந்தாள். தமயந்தி பெட்டிக்குள் கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஈரோட்டுல ஒருத்தர், சேலத்துல ரெண்டு பேருண்ணா," என்றாள் ரெஹானா. "கை மரத்துப் போச்சுங்கறாங்க. கம்பெனி சக்கர வியாதின்னு சொல்லுது. ரெண்டு பேருக்குச் சக்கரையே இல்ல."

"இது பாதுகாப்பானதுன்னு சொன்னீங்களேம்மா?"

"ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குத்தாண்ணா சோதிச்சாங்க. போன், பேங்க் வேலை, இந்த மாதிரிக்குத்தான் உபயோகிப்பாங்கன்னு நெனச்சோம். நாள் பூராப் பேசுவாங்கன்னு நாங்க யாருமே யோசிக்கல." அவள் தமயந்தியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, பெங்களூர்ல இனியாவப் பாத்தேன். உங்கள மாதிரியே இருக்கா."

"அப்படியா," என்றாள் தமயந்தி.

ரெஹானா பேசுவதை நிறுத்தாமலேயே கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தாள். மிதந்துகொண்டிருந்த மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்ந்தன. சில தமயந்தியின் உள்ளங்கையிலேயே விழுந்து, உருண்டு, தரைக்குப் போயின.

தமயந்தி தலையை ஆட்டினாள். "ஆமாமா, அது சரிதான்," என்றாள். யாரும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, முகத்தில் அதே சிரிப்போடு, "அப்புறம்?" என்றாள்.

நந்தகோபால் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து, அழுத்தி அழுத்தி அவள் பெயரை எழுதினார். அவள் யாரோ தன் தோளை அசைப்பதை மட்டும் உணர்ந்தவளாக, "யாரு? என்ன?" என்றாள். மற்றக் கையிலும் எழுதினார். மணிக்கட்டில், முழங்கைக்குக் கீழே என்று எழுதிக்கொண்டே போனார். பெட்டிக்குள் நீட்டியிருந்த இடம்வரைக்கும் ஒன்றுமில்லை. கடைசியில் அவள் முகத்தைத் திருப்பி, கன்னத்தில் பெரிய எழுத்தாக எழுதினார். 'தெரியுதா?'

அவள் சிரிப்பு நின்றது. "தெரியுது," என்றாள். அப்புறம், "கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள்.

'எப்பருந்து?'

"ஆடியிலயே எடது கை போயிருச்சுங்க. வலது கை ஐப்பசியில."

'ஏன் சொல்லல?'

"சொன்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிருவாங்கல்ல? உணர்ச்சி திரும்பி வந்தாலும் வரும்னு இருந்தேன். யாராவது வந்தா வாசன தெரியும். சுலோச்சனா மல்லிப்பூ வெச்சிருப்பா. அவ என்ன பேசுவான்னு எனக்குத் தெரியாதா? தலைய ஆட்டுவேன்."

ரெஹானா தரையில் உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பொறுக்கி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

நரம்பு டாக்டர் பார்த்தார். தோலுக்கு அடியில் இருக்கிற நரம்பு நுனிகள் ஓய்ந்துவிட்டன, திரும்ப முளைக்கும் என்று சொல்வதற்கில்லை என்றார். பெட்டி பரண்மேல் போயிற்று. நந்தகோபால் மறுபடி வெளியூர் வேலையை விட்டார். கன்னத்தில் எழுதத் தொடங்கினார்.

உள்ளங்கையைப்போலக் கன்னம் சொன்னதைப் பிடித்துக்கொள்வதில்லை. ஒரு சொல்லுக்கு மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. இனியா போனில் மூச்சுவிடாமல் பேசி அழுது முடித்தாள், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றாள். அவர் எழுதினார்: 'இனியா பேசினா. நல்லாருக்கா.'

"அவ ஒரு மணி நேரம் பேசியிருப்பா," என்றாள் தமயந்தி. "நீங்க மூனு வார்த்த குடுக்கறீங்க."

அவள் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் வாய் ஓய்ந்து அவர் பார்த்ததே இல்லை. காலையில் கொண்டுவந்து உட்காரவைத்தால் சாப்பாட்டு வாசனை வரும்வரை அப்படியே இருந்தாள். உயிருள்ள ஒருத்தியைத் தினமும் உயிரோடு மூடிவைப்பதுபோல் அவருக்கு இருந்தது.

பங்குனியில் தொடுவெளியிலிருந்து வேறொருவர் வந்தார். புது மாடலாம். பெட்டி இல்லை, நாற்காலி. சாய்மானத்தில் ஸ்பீக்கர்கள், முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே மணிகள். கைக்கு வந்த பிரச்சினை முதுகுக்கு வராது என்றார், முதுகுத் தோல் தடிமன் என்றார், சொல்லும்போது கண்ணை மட்டும் வேறெங்கோ வைத்துக்கொண்டார். விலை ஏதும் வேண்டாம், ஒப்புதல் கையெழுத்து போதுமாம்.

நந்தகோபால் ரெஹானாவுக்குப் போன் செய்தார். அவள் அந்தக் கம்பெனியை விட்டுப் போயிருந்தாள்.

"வேண்டாம்ணா. தோல்தான் வேற, நரம்பு அதேதான்."

"எத்தன நாளும்மா வரும்?"

"வீட்ல எவ்வளவு பேசறீங்கங்கறதப் பொறுத்ததுண்ணா. ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் தேயும். நெறையப் பேசினா ரெண்டு வருசம். கம்மியாப் பேசினா கூட வரலாம்."

அன்று மதியம் அவர் மனைவியின் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்து, கம்பெனி, ரெஹானா சொன்னது, டாக்டர் சொன்னது என்று எதையும் விடாமல், புள்ளிகூட விடாமல் அவள் கன்னத்தில் எழுதினார். வெயில் சாய்ந்து கூடத்துக்குள் வந்துவிட்டது. விரல் மரத்துப்போனபோது மற்றக் கையால் எழுதினார். தமயந்தி முழுக்கக் கேட்டாள்.

"முதுகு பெருசுதானுங்களே," என்றாள்.

அவர் மரத்த விரலை நீவிக்கொண்டார்.

"முதுகு போனா வயிறு இருக்குது. தொடை ரெண்டு இருக்குது. அதுக்கும் ஒரு நாற்காலி பண்ண மாட்டாங்களா? கணக்குப் போட்டாப் பத்து வருசம் வரும். அதுக்கு மேல நான் எதுக்கு?"

'வேண்டாம் கண்ணு' என்று எழுதினார்.

அவள் கண்ணில் நீர் வந்து அவர் விரலை நனைத்தது. "நீங்க நல்லவருதானுங்க. ஆனா ஒருத்தர மட்டும் வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல. எனக்கு எல்லாரும் வேணும்." பிறகு, தன் கன்னத்தின்மேல் இருந்த அவர் கையைத் தோளால் அணைத்துக்கொண்டு, "இத மட்டும் அவங்களுக்குக் குடுக்க வேண்டாம். இது இருக்கட்டும்," என்றாள்.

அவர் கையெழுத்துப் போட்டார்.

நாற்காலிக்காக முதுகு முழுக்கத் திறந்த ரவிக்கை தைக்க வேண்டியிருந்தது. "சின்ன வயசுல இப்படிப் போட எங்கம்மா விடல," என்று தமயந்தி சொன்னபோது பழைய சிரிப்பு வந்திருந்தது. முதல் நாள் இனியா பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். சுலோச்சனா மல்லிப்பூவோடு வந்து விட்ட இடத்திலிருந்து ஊர்க்கதையை ஆரம்பித்தாள். தெருவில் போன வண்டியையும் நாய் குரைத்ததையும்கூட நாற்காலி எழுதியது. தமயந்தி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், நாய்க்கும்கூட. நந்தகோபால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சந்தோஷத்தை எப்படி வேண்டாமென்று சொல்லியிருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பும்போது அவள் முதுகைப் பார்த்தார். நடுமுதுகில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் லேசாகச் சிவந்திருந்தது. ஒன்றும் பெரிதாக இல்லை. வெயிலில் நடந்து வந்தால் சிவப்பது போலத்தான்.

அதன் பிறகு அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. 'காபி குடிக்கறயா' என்று கேட்க வருவார். காபி என்பது வாசனையிலேயே தெரியுமே, எதற்கு வீணாக என்று பேசாமல் டம்ளரை அவள் உதட்டருகே வைத்துவிடுவார். டிவி போடுவதை நிறுத்தினார். நாய், வண்டி, குக்கர் விசில் எதையும் எழுதாதபடி கம்பெனிக்காரரிடம் சொல்லி மாற்றிக்கொண்டார். ஒரு நாள் சுலோச்சனாவை வாசலிலேயே நிறுத்தி, "இன்னிக்கு அவளுக்கு முடியலைங்க," என்று சொல்லி அனுப்பினார். மறுநாளும் அப்படியே சொன்னார். அவள் வருவதை விட்டுவிட்டாள். அழகு நிலையத்துப் பெண்களுக்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னார்.

இனியாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"அப்ப நான் அம்மாகிட்டப் பேசவே கூடாதாப்பா?" என்றாள் இனியா.

"பேசு சாமி. ஞாயித்துக்கெழம பேசு. சுருக்கமாப் பேசு."

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் திருத்திக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் பார்த்தபோது முதுகில் சிவப்பே இல்லை. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

சில வாரம் தமயந்தி தானாகவே பேசிப் பார்த்தாள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். சுலோச்சனாவுக்கு உடம்பு சரியில்லையா என்றாள். இனியாவுக்கு யாராவது சிநேகிதம் கிடைத்துவிட்டதா, அதுதான் அம்மா ஞாபகம் இல்லையா என்றாள். அவர் கன்னத்தில் விரலால், 'எல்லாருக்கும் வேல' என்று எழுதினார்.

ஆனியில் ஒரு காலைப்பொழுது. அவர் கூடத்தின் ஓரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தார். நாற்காலி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் வெள்ளை மணிகள் அசையாமல் மிதந்துகொண்டிருந்தன.

"ஏனுங்க," என்றாள் தமயந்தி. "இது ரிப்பேராயிருச்சா?"

அவர் கிட்டே போய் அவள் கன்னத்தில் விரலை வைத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விரல் வேண்டாம். வாயால சொல்லுங்க. எனக்குக் கேக்கணும். இது ரிப்பேரா, இல்ல, யாருமே இல்லையா?"

நந்தகோபாலுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வருவதை விட்டிருந்த சுலோச்சனா நேற்று வாசலில் வந்து அழுதுவிட்டுப் போனது, இனியா தினமும் போன் செய்து இவள் என்ன செய்கிறாள் என்று இவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது, இந்த வீட்டில் இவளைப் பற்றியதைத் தவிர வேறு பேச்சே இல்லாதது. அவர் அவள் முதுகைப் பார்த்தார். வெண்மையாக, ஒரு தழும்பும் இல்லாமல், வருடக்கணக்கில் வரும்போல் இருந்தது.

"இருக்கேன்," என்றார்.

மணிகள் அசைந்து அந்தச் சொல்லை அவள் முதுகில் எழுதிவிட்டு மறுபடி நின்றன. மேற்கொண்டு வரும் என்று தமயந்தி முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தாள்.